தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து எங்கே குடிபோவது? ஓசூர், பெங்களூர், திருப்பூர், சென்னை ஓர் ஒப்பீடு

பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். இந்தப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு எங்காவது போய்விடலாமா? பென்னாகரத்தில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர் கேட்கிறார். டிப்ளமோ முடித்து ஒவ்வொரு கம்பெனியாகக் கான்ட்ராக்டில் ஏறி இறங்கிய காவேரிப்பட்டினத்துப் பையன் கேட்கிறான். அரூரில் தையல் தெரிந்த அக்காவும் கேட்கிறார். 'எங்கே சம்பளம் அதிகம்?' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் சுலபம், பெங்களூர். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பிப் போய், இரண்டு மூன்று வருடத்தில் மூட்டை கட்டித் திரும்பிய குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவர்களிடம் பேசிப் பாருங்கள், சம்பளம் போதவில்லை என்று சொல்பவர் குறைவு. பிள்ளை கன்னடப் பாடத்தில் தேறவில்லை, அட்வான்ஸுக்கு வாங்கிய வட்டி தீரவில்லை, ஊரில் அப்பாவுக்கு முடியாமல் போய்விட்டது என்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிலோமீட்டரை விட மாநில எல்லைதான் முக்கியம். ஓசூரிலிருந்து, எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு, தர்மபுரியிலிருந்து சென்னை போகும் முந்நூறு கிலோமீட்டரை விட அந்தப் பத்து கிலோமீட்டர்தான் பெரிய தூரம். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணம். சம்பளத்திலிருந்து வாடகை, அட்வான்ஸுக்கான வட்டி, தண்ணீர், பஸ், பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு? வீட்டில் இரண்டு பேருக்கும் அந்த ஊரில் வேலை கிடைக்குமா என்பதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது பிள்ளைகளின் படிப்பும் அதற்குரிய சான்றிதழ்களும். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, இருக்கும் வேலை போனால் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா? ஒரே கம்பெனியை நம்பிக் குடும்பத்தையே மாற்றுவது ஆபத்து.

நான்காவது, ஊருக்கு வந்து போகும் தூரம். காடு, மாந்தோப்பு, மாடு, வயதான பெற்றோர் எல்லாம் இங்கே இருக்கும்போது சாவுக்கும் சீமந்தத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்துதான் ஆகவேண்டும். இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் விடிவதற்குள் வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

தண்ணீரை நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, பல்லில் கறையோடும் முழங்கால் வலியோடும் இருக்கும் தலைமுறை நம்முடையது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. தண்ணீருக்காகவே ஊரை விடவேண்டும் என்று அன்று நினைத்தவர்கள் இன்று அந்தக் காரணத்தை மறுபடி எடைபோட்டுப் பார்க்கலாம்.

சேலத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். தர்மபுரியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர்தான், தொப்பூர் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வியாபாரத்துக்கும் நல்ல ஊர். ஆனால் தொழிற்சாலை வேலை தேடிக் குடும்பத்தோடு போகிறவருக்கு, வீட்டை மாற்றும் அளவுக்கான வித்தியாசம் அங்கே கிடையாது.

## ஓசூர்

1970களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து நம் பிள்ளைகளின் முதல் வேலை ஓசூரில்தான். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெயர்கள். அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனிகள் மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் தெருத்தெருவாக இருக்கின்றன. ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர் முடித்தவருக்கு ஒரு இடத்தில் வேலை போனால் அடுத்த வாரமே பக்கத்துக் கேட்டில் போய் நிற்க முடியும். நான் சொன்ன மூன்றாவது அளவுகோலில் ஓசூர் நன்றாகவே தேறுகிறது. கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு பெண்களுக்கான வேலையும் பெருகியிருக்கிறது.

தர்மபுரியிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது. இரவு எந்நேரமும் பஸ் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கடைவீதியில் கலந்து ஓடும் ஊர் என்பதால் யாரும் அந்நியமாக உணர்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வெயில் நம் ஊரைப் போலக் கொளுத்தாது. மூட்டு வலியோ ஆஸ்துமாவோ இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போவதானால் மார்கழிக் குளிரைக் கணக்கில் வையுங்கள்.

ஓசூரின் மறைமுகச் செலவு கான்ட்ராக்ட் முறை. 'கம்பெனியில் வேலை' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் கம்பெனி ரோலில் இருக்காது. ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று ஏதோ ஒரு பெயரில் சேர்ந்து, காலம் முடிந்ததும் வெளியே வந்து, வேறொரு கேட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். இருபத்திரண்டு வயதில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. முப்பதைத் தாண்டியவரைப் பல இடங்களில் ட்ரெய்னியாக எடுக்க மாட்டார்கள். குடும்பத்தை அழைத்துப் போகுமுன் ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது, கம்பெனியா கான்ட்ராக்டரா என்று பாருங்கள். பிஎஃப் எண் உங்கள் பெயரில் இருக்கிறதா, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது வாடகை. பெங்களூரில் வேலை செய்கிறவர்களும் இங்கே வீடு எடுப்பதால், தர்மபுரி வாடகையை மனதில் வைத்துப் போனால் அதிர்ச்சிதான். மனை வாங்குவதில் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூனில் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த பிறகு, சுற்றுவட்டாரம் முழுக்க 'ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்' என்று மனை விற்கிறார்கள். டிடிசிபி என்ற நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், ரெரா என்ற மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போன வருடம்தான் ஓசூருக்கு வந்தவர் உடனே மனை வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் வாடகையில் இருந்து, எந்த ரோட்டில் தண்ணீர் வருகிறது, எந்தப் பள்ளி நன்றாக நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கலாம்.

## பெங்களூர்

தர்மபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கட்டட வேலை, பேக்கரி, கார்மென்ட்ஸ், டிரைவர், வீட்டு வேலை, கம்ப்யூட்டர் கம்பெனி என்று எந்தப் படிப்புக்கும் படிப்பே இல்லாததற்கும் அங்கே வேலை உண்டு. நம் மாவட்டத்து ஆட்கள் அங்கே போய் மேஸ்திரியாகி, கான்ட்ராக்டராகி, சொந்த வீடு கட்டியிருக்கிறார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பழைய தமிழ்ப் பகுதிகள். இப்போது போகிறவர்கள் ஓசூர் ரோட்டை ஒட்டி பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா பக்கம் குடியேறுகிறார்கள். ஊருக்கு பஸ் ஏறச் சில்க் போர்டோ எலக்ட்ரானிக் சிட்டியோ பக்கத்தில் இருக்கும். சாப்பாட்டுக்கும் கவலை இல்லை, நம் களி அங்கே முத்தே என்று எல்லா மெஸ்ஸிலும் கிடைக்கிறது.

கையில் நிற்கும் பணத்தை மட்டும் பார்த்தால், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெங்களூர் மற்ற ஊர்களை மிஞ்சும். ஆனால் வாடகையைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். அங்கே முன்பு பத்து மாத வாடகை அட்வான்ஸ். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது, பழைய வழக்கத்தை விடாத ஓனர்களும் உண்டு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வாடகை 12,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் 72,000. நம்மில் பலர் இதை நகை வைத்தோ கைமாற்றாகவோதான் திரட்டுவோம். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,440. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் இருந்தால் அது மாதத்துக்கு 500. ஆகவே 12,000 ரூபாய் வீடு உண்மையில் 14,000 ரூபாய் வீடு. தண்ணீர், மெயின்டனன்ஸ் இன்னும் சேரவில்லை.

'ஐந்து லட்சம் கொடுங்கள், வாடகையே வேண்டாம்' என்று லீசுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. நம் ஊர்ப் போக்கியம் மாதிரிதான். ஆனால் நம் ஊரில் வீட்டுக்காரரின் தாத்தாவைத் தெரியும், அங்கே அவர் வீட்டின் மேல் எத்தனை கடன் வாங்கியிருக்கிறார் என்பது தெரியாது. வீடு வங்கிக் கடனில் இருந்து வங்கி அதைக் கையில் எடுத்தால், உங்கள் ஐந்து லட்சத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். வில்லங்கம் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, பணத்தை வங்கி மூலம் கொடுக்க ஓனர் சம்மதித்தால் மட்டும் யோசியுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பகுதிக்குப் பகுதி நிலைமை வேறு. 2024 கோடையில் போர்கள் வற்றி, டேங்கர் தண்ணீருக்குப் பணக்காரர் குடியிருப்புகளே தவித்தன. நகரத்தோடு பிறகு சேர்ந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே வருடம் அக்டோபரில் தொடங்கியது. வீடு பார்க்கும்போது 'காவேரி வருமா, போரா?' என்பதுதான் முதல் கேள்வி. பதிலை ஓனரிடம் கேட்காமல் கீழ் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

1991இலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையில் அங்கே கலவரம் நடந்தது. 2016இல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்டன. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடு நம்மவர் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கிறார்கள். என்றாலும் அந்த நாட்களில் குழந்தைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களின் பயத்தை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

### எல்லையைத் தாண்டும்போது காகிதத்தில் என்ன மாறுகிறது

முதலில் மொழி. 2015ஆம் ஆண்டு கன்னடக் கற்றல் சட்டப்படி, கர்நாடகத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருக்கவேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை ஆறே மாதத்தில் பேசிவிடும், எழுதியும் விடும். எட்டாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளையின் நிலைமை வேறு. மற்றவர்கள் ஏழு வருடம் எழுதிப் பழகிய மொழியில் அது அகரம் தொடங்கும். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டியான பிள்ளைகூட இதில் மனம் உடைந்துபோகும்.

பிறகு ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம் மாவட்டங்களில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு டாக்டராகும் கதவு இதுதான். நடுவில் ஒரு வருடம் பெங்களூர்ப் பள்ளிக்குப் போய் வந்தாலும் அந்தக் கதவு மூடிவிடும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் இரண்டும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம், 2020 திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும்.

அங்கே போய் அங்கத்து ஒதுக்கீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில் மாநில இடங்களுக்குத் தகுதி பெறும் முதன்மையான வழி, ஒன்று முதல் பன்னிரண்டுக்குள் குறைந்தது ஏழு வருடம் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. எட்டாம் வகுப்பில் போகிற பிள்ளைக்கு ஐந்து வருடம்தான் ஆகியிருக்கும். நம் எம்பிசி, பிசி சான்று அங்கே மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, அவர்களுடைய பட்டியல் வேறு. எஸ்சி, எஸ்டி பிரிவினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 2018இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

குடும்பத்துக்கான உதவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| | தமிழ்நாட்டில் | கர்நாடகத்தில் |
|---|---|---|
| குடும்பத் தலைவிக்கு | மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், தகுதி பெற்றவர்களுக்கு | கிருஹலட்சுமி மாதம் 2,000 ரூபாய். அந்த மாநில ரேஷன் அட்டை வேண்டும் |
| மின்சாரம் | இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் | மாதம் 200 யூனிட் வரை, முந்தைய சராசரியை வைத்து |
| பெண்களுக்கு பஸ் | சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசம் | மாநிலத்துக்குள் சாதாரண அரசு பஸ்ஸில் இலவசம். அந்த மாநில முகவரி வேண்டும் |
| பள்ளிப் படிப்பை வைத்து ஒதுக்கீடு | அரசுப் பள்ளி 7.5% | கிராமப்புற, கன்னட வழி ஒதுக்கீடு. ஒன்று முதல் பத்து வரை அங்கே படித்திருக்க வேண்டும் |

வலது பக்கம் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அதை வாங்க ஆதாரில் முகவரியை மாற்றி, இங்கே ரேஷன் அட்டையில் பெயர் நீக்கி, அங்கே புது அட்டைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பீர்கள். அங்கேயே நிலைத்துவிடப் போகிறவருக்கு இது லாபம். மூன்று வருடத்தில் திரும்பும் எண்ணம் இருந்தால் அட்டையைத் தொடாதீர்கள்.

வண்டியும் இருக்கிறது. டிஎன் 29, டிஎன் 24 பைக்கைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் சட்டப்படி மறுபதிவு செய்யவேண்டும். இங்கே ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று, அங்கே மறுபடி சாலை வரி. பழைய பைக்காக இருந்தால் ஊரில் விட்டுவிட்டுப் போவதே மேல்.

## ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை

நடுவழி என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். பள்ளி போகும் பிள்ளைகள் உள்ள பல குடும்பங்களுக்கு இதுதான் சரியான விடை என்று நம்புகிறேன். சம்பளம் கர்நாடகத்தில், பள்ளிக்கூடமும் ரேஷன் அட்டையும் சாதிச் சான்றும் தமிழ்நாட்டில். பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை என்றால் தினமும் போய்வருவது நடக்கக்கூடியதே. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு, ஜெயநகர் வரை வேலைக்குப் போகிறவரும் இதை யோசிக்கலாம். பொம்மசந்திரா வரை பஸ், அப்புறம் ரயில்.

இதன் விலை நேரம். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியிலும் ஓசூர் ரோட்டிலும் காலை எட்டு மணி நெரிசலை ஒரு நாளாவது நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போனால் அப்பா வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். வைட்ஃபீல்டு, பீன்யா, ஹெப்பால் பக்கம் வேலை என்றால் இந்த யோசனையே வேண்டாம். இரண்டு ஷிப்ட் மாறி மாறி வரும் வேலையானால் கம்பெனி பஸ் ஓசூர் வரை வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் இரவு ஷிப்ட் நாட்களில் திண்டாட்டம்தான்.

## திருப்பூர், கோவை

கணவன், மனைவி, வயதுக்கு வந்த பிள்ளை மூவரும் சேர்ந்து சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் வீட்டுக்குத் திருப்பூரைப் போல ஒரு ஊர் கிடையாது. பனியன் கம்பெனியில் கைமடி என்ற உதவியாள் வேலையில் ஆரம்பித்து, செக்கிங் கற்று, ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் வேலைக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை சம்பளம் கையில். படிப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. மாநிலம் மாறாததால் மேலே சொன்ன சான்றிதழ்ச் சிக்கல் ஒன்றுமே இல்லை, பிள்ளையை எந்த வருடமும் அங்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றலாம். கடன் அடைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது காரணத்தோடுதான்.

ஆனால் அந்தச் சம்பளம் ஒன்றரை ஷிப்டில் வரும் சம்பளம். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் உடம்பின் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. லைன் வீட்டில் ஒரு அறை, பொதுக் கழிப்பறை. அப்பா அம்மா இருவரும் கம்பெனியில் இருக்கும்போது பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பாட்டியையும் கூட அழைத்துப் போன குடும்பங்கள் தப்பித்தன, போகாத வீடுகளில் பிள்ளைகள் பத்தாவதோடு நின்று கம்பெனிக்கே வந்துவிட்டன. ஆர்டரும் வெளிநாட்டைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் அந்த நாட்டு ஆர்டரை நம்பிய கம்பெனிகளில் வேலை நாள் குறைந்தது. அதனால் ஒரே நாட்டுக்கு அனுப்பும் கம்பெனியை விட, உள்நாட்டுக்கும் தைக்கும் கம்பெனி பரவாயில்லை.

கோவை இதிலிருந்து மாறுபட்டது. பம்ப், ஃபவுண்டரி, மெஷின் ஷாப் வேலை தெரிந்தவருக்கும், பிள்ளைகளின் கல்லூரியை மனதில் வைப்பவருக்கும் நல்ல ஊர். சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் வீடு கிடைத்தால் பெரிய நிம்மதி. தர்மபுரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், அவசரத்துக்கு நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

## சென்னைப் பக்கம்

சென்னை என்றதும் நகரத்துக்குள் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்காரருக்கு அதே பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலையில்தான் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் இன்னும் பல. கல்யாணமாகாத பெண்ணுக்கும் பையனுக்கும் விடுதி, கம்பெனி பஸ், சாப்பாடு என்று கையில் பணம் நிற்கும். குடும்பத்தோடு போகிறவருக்கு நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். ஓசூரில் கிடைக்காத எதுவும் அந்த வேலையில் இல்லை, தூரம் மட்டும் மூன்று, நான்கு மடங்கு. வெயிலும் வியர்வையும் நம் உடம்புக்குப் பழகச் சில கோடைகள் ஆகும். 2015, 2023 வெள்ளங்களையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் நினைவில் வைத்து, வாடகை வீட்டைத் தரைத்தளத்தில் எடுக்காதீர்கள். மொரப்பூர், பொம்மிடி ஸ்டேஷன்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ரயில் வசதி இருப்பது ஒரு ஆறுதல்.

## யாருக்கு எது

கல்யாணமாகாத, கையில் தொழில் உள்ள இளைஞர் பெங்களூருக்குப் போகலாம். இழக்க அதிகம் இல்லை, கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள், மேஸ்திரியாகும் வேகம் அதைப் பொறுத்தது.

குழந்தை இன்னும் பள்ளியில் சேரவில்லை, பத்து வருடமாவது அங்கேதான் என்று மனதில் உறுதி இருக்கிறது என்றால், குடும்பத்தோடு பெங்களூர் போவது நல்ல முடிவு. ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னடம் படிக்கும் பிள்ளை அந்த மாநிலத்துப் பிள்ளையாகவே வளரும், ஏழு வருடக் கணக்கும் தானாக நிறைந்துவிடும்.

பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால் எல்லை தாண்ட வேண்டாம். ஓசூரில் இருங்கள், அல்லது சம்பாதிப்பவர் மட்டும் பெங்களூரில் ரூம் எடுத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போகட்டும். இது அம்மாவின் தோளில் பெரிய பாரம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பத்தாவது முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், பன்னிரண்டு முடியவேண்டும்.

கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டுக்குத் திருப்பூர், ஆனால் கடன் தீரும் தேதியை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். வயதான பெற்றோருக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி என்றால் ஓசூரைத் தாண்ட வேண்டாம். நிமான்ஸ், கித்வாய், ஜெயதேவா போன்ற பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு நம் ஊரிலிருந்தே போய்வருகிறோம், அதற்காகக் குடிபோகத் தேவையில்லை.

வேலை கிருஷ்ணகிரி பக்கத்திலேயே கிடைக்குமென்றால் அதையும் எடைபோடுங்கள். போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி சிப்காட்டுகளுக்கு நம் ஊர்களிலிருந்து தினமும் போய்வரும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தாலும் வாடகை இல்லை, அரிசி வீட்டு அரிசி, பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பெங்களூர் வாடகைக் கணக்கை மேலே போட்டோமே, அதோடு வைத்துப் பாருங்கள்.

## போவதென்று முடிவானால்

முதல் மூன்று மாதம் சம்பாதிப்பவர் மட்டும் போகட்டும். அந்த மூன்று மாதச் சம்பளம் சொன்னபடி வந்ததா, ஓவர்டைம் கணக்கில் பிடித்தம் உண்டா என்று தெரிந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காமல், வேலை நாளில் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். தண்ணீர், பஸ், நெரிசல் மூன்றும் அப்போதுதான் தெரியும்.

பள்ளியிலிருந்து டிசி வாங்குமுன் சாதிச் சான்று, தாலுகா ஆபீசில் நேட்டிவிட்டி என்று சொல்லும் இருப்பிடச் சான்று, பிள்ளை வீட்டில் முதலாவதாகக் கல்லூரி போகப் போகிறதென்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கான விவரம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கர்நாடகத்துக்குப் போகிறவர்களுக்கு இருப்பிடச் சான்று இன்னும் முக்கியம். வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை பிற்பாடு தமிழ்நாட்டில் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, நம் ஊர்ப் பிள்ளை என்று காட்ட அந்தச் சான்றைத்தான் கேட்பார்கள். பெற்றோரின் பள்ளிச் சான்றுகள், பழைய ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, பட்டா நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஊரிலேயே பெரியவர்களிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்கி அதே கவரில் சேர்த்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கூட்டம் அதிகமாகிவிடும், ஏப்ரலிலேயே போய்க் கேளுங்கள்.